பின்தொடரும் கருவி: பக்தாதிலிருந்து திருத்தணி வரை

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலியின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்தக் கருவி எந்த நாட்டில் தோன்றியது, எவ்வழியாக எங்குச் சென்றது என்பன பற்றி நூல்கள் பல உள. ஒருவர் முன்னே செல்ல மற்றவர் உடன் இசைக்கும்போது, யாருடைய வேகத்தில் யார் நடப்பது என்ற வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஒட்டகப் பாதையில் தொடங்கி, அப்பாசியர் காலத்துப் பக்தாதைக் கடந்து, இன்று கணிப்பொறி பொருத்திய பியானோ வரை நீள்கிறது. அவ்வரலாற்றை எழுத நம்மைத் தூண்டியது, திருத்தணியில் நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி.

திருத்தணி தமிழகத்தின் வட எல்லையில் உள்ள குன்றூர். சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த அவ்வூர், ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. குன்றின் மேல் முருகன் கோயில். கீழே தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் கடைத்தெரு. அங்கு வாழும் நம் பழைய மாணவரான மௌலவி ஒருவர், நிகாஹ் ஒன்றுக்காகச் சென்றிருந்த நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பிறவியிலேயே இடக்கை இயங்காது; வலக்கையிலும் ஓரிரு விரல்களே வசப்படும். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று இயன்முறை மருத்துவர் கூறியதன் பேரில் டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கியிருந்தனர்.

சிறுமி ஒற்றை விரலால் எளிய மெட்டொன்றை அழுத்தினாள். கருவிக்குள்ளிருந்து பின்னணி இசை அவளோடு சேர்ந்து வந்தது. நடுவில் அவள் விரல் நின்றது, பின்னணியும் நின்றது. அடுத்த கட்டைக்கு விரலைக் கொண்டு செல்ல அவளுக்குச் சில நொடிகள் ஆயின. அதுவரை காத்திருந்த பின்னணி, அவள் அழுத்திய கணத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவள் விரைந்தால் விரைந்தது, தளர்ந்தால் தளர்ந்தது.

"உஸ்தாத், இது கூடுமா?" என்று மாணவர் கேட்டார். சற்றுப் பொறுத்து, "இப்படிக் காத்திருக்க இதற்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்றும் கேட்டார்.

முதற் கேள்வி மார்க்கச் சட்டம் பற்றியது. அதில் நாம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் விலக்கியுள்ளனர். திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிக்க இசைவு உண்டு. அந்தலுஸ் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) தடையைக் கூறும் அறிவிப்புகளின் வலிமையை ஏற்காமல் மாற்றுக் கருத்துக் கொண்டார். இமாம் கஸ்ஸாலி (ரஹ், இறப்பு 1111) தம் 'இஹ்யா'வில் 'ஸமாஃ' எனும் செவியேற்றலுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கி, கேட்பவர் யார், கேட்கப்படுவது எது, கேட்கும் சூழல் எத்தகையது என வகுத்து ஆராய்ந்தார். ஆயினும் நரம்புக் கருவிகள் மதுக் கூட்டங்களின் அடையாளமாகிவிட்டன என்பதால் அவற்றை அவரும் விலக்கவே செய்தார். மருத்துவத் தேவை உடைய ஒரு குழந்தையின் நிலை தனித்து ஆராயத்தக்கது. அதனை ஃபத்வா வழங்கும் தகுதியுடைய முஃப்தியிடம் எடுத்துச் செல்லுமாறு மாணவரிடம் கூறினோம். இரண்டாம் கேள்வி வரலாறு பற்றியது. அதற்கு நாம் தேடிக் கண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

ஒட்டகப் பாதையில்

அரபியர் பாடற்கலையின் தோற்றத்தைப் பற்றி மஸ்ஊதி தம் 'முரூஜுத் தஹப்' நூலில் ஒரு செய்தி தருகிறார். முளர் இப்னு நிஸார் என்பவர் பயணத்தில் ஒட்டகத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். இனிய குரல் உடைய அவர் கையை நினைந்து அரற்றியபோது, அவ்வோசையின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப ஒட்டகங்கள் சீராக நடந்தனவாம். அதிலிருந்தே ஒட்டகம் ஓட்டுவோர் பாடும் 'ஹுதா' பிறந்தது என்பர். இது மரபுச் செய்தியே. எனினும் அது காட்டும் உண்மை ஊன்றி நோக்கத்தக்கது: அரபியர் நினைவில் பாட்டும் நடையும் ஒன்றாகவே பிறந்தன. பாட்டின் காலம் மாறினால் ஒட்டகத்தின் காலடியும் மாறும்.

இந்த ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். பயணம் ஒன்றில் அன்ஜஷா என்பார் ஹுதா பாடி ஒட்டகங்களை ஓட்டிச் சென்றார். அவற்றின் மீது பெண்கள் இருந்தனர். அவர்களைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு ஒப்பிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மெதுவாக ஓட்டுமாறு அன்ஜஷாவைப் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்செய்திக்கு விரிவுரையாளர்கள் இரு விளக்கங்கள் தருவர். குரலின் இனிமை உள்ளங்களைப் பாதிக்கும் என்ற கவலை என்பது ஒன்று. ஒட்டகங்களின் விரைவு, மேலே இருப்போரை வருத்தும் என்ற கவலை என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தின்படி, பாடுபவரின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது பாடுபவரின் திறமை அன்று. சுமக்கப்படுவோரின் தாங்கும் திறனே.

இதற்கு நேர்மாறான காட்சியை 'இஹ்யா'வில் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துரைக்கிறார். அபூபக்ர் தீனவரி என்பவர் பாலைவனத்தில் ஒரு குடும்பத்தாரிடம் விருந்தினராகத் தங்கினார். அங்கே அடிமை ஒருவன் விலங்கிடப்பட்டிருந்தான். வாயிலில் ஒட்டகங்கள் மடிந்து கிடந்தன. விருந்தினர் அவனுக்காகப் பரிந்து பேச, வீட்டுக்காரர் காரணத்தைச் சொன்னார். அந்த அடிமைக்கு மிக இனிய குரல். பெருஞ்சுமை ஏற்றப்பட்ட ஒட்டகங்களை ஹுதா பாடி ஓட்டினான். அவையும் மயங்கி, மூன்று இரவுப் பயணத்தை ஒரே இரவில் நடந்து முடித்தன. சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர அனைத்தும் இறந்து வீழ்ந்தன. ஓசை உயிர்களை எவ்வளவு ஆள்கிறது என்பதைக் காட்டவே கஸ்ஸாலி (ரஹ்) இதைச் சொல்கிறார். நாம் அதில் இன்னொன்றையும் காண்கிறோம். பாடியவனின் கலையில் குறையில்லை. சுமப்பவற்றின் மூச்சை அவன் கேட்கவில்லை.

தானே இசைக்கும் கருவி

ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில், கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்த மூன்று சகோதரர்கள் இருந்தனர். மூஸா இப்னு ஷாகிரின் மக்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய அவர்களை வரலாறு 'பனூ மூஸா' என அழைக்கிறது. ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில் அவர்கள் எழுதிய 'கிதாபுல் ஹியல்' நூறளவில் நுண்பொறிகளை விவரிக்கிறது. நம் பொருளுக்கு அதனினும் இன்றியமையாதது, அவர்களுடைய மற்றொரு சிறு நூல். 'தானே இசைக்கும் கருவி' என்பது அதன் தலைப்பின் பொருள்.

அக்கருவியின் அமைப்பைச் சுருங்கக் கூறலாம். நீரின் அழுத்தத்தால் காற்று உந்தப்பட்டுக் குழலுக்குள் செல்லும். குழலின் துளைகளை மூடியும் திறந்தும் இயக்கச் சிறு நெம்புகள் உண்டு. அருகே ஓர் உருளை நீரின் விசையால் சுழலும். உருளையின் மேல் ஆங்காங்கே பற்கள் பதிக்கப்பட்டிருக்கும். உருளை சுழலச் சுழல, பற்கள் நெம்புகளைத் தூக்கும், துளைகள் திறக்கும், மெட்டு ஒலிக்கும். பற்களின் இடத்தை மாற்றினால் மெட்டும் மாறும். கட்டளையை ஒரு பொருளில் பதித்து வைத்து, இயந்திரம் அதனைப் பின்னர் நிறைவேற்றும் முறைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அறிவியல் வரலாற்றாளர் இதனைக் கருதுகின்றனர். ஐரோப்பாவின் இசைப்பெட்டிகளும் தெருவோர உருளை ஆர்கன்களும் இதே தத்துவத்தில் இயங்கியவை. 1895இல் அமெரிக்காவில் எட்வின் வோட்டி உருவாக்கிய பியானோலா, உருளையின் பற்களுக்குப் பதிலாகத் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டது.

1206இல் திய்யார்பக்ர் பகுதியின் அர்துகிய மன்னருக்காக அல்ஜஸரீ எழுதி முடித்த பொறியியல் நூலிலும் இசைப்பொறி ஒன்று உண்டு. அரசவை விருந்தில் நீர்நிலையின் மேல் மிதக்கும் படகு. அதில் குழலும் யாழும் தஃபும் இசைக்கும் பொம்மைகள். விருந்தினரை வியக்க வைக்கப் பிறந்த அழகிய பொறி அது.

இப்பொறிகளின் பெருமையை நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆயினும் அவற்றின் குறையையும் சேர்த்துச் சொல்வதே அறிவுக்கு அழகு. பனூ மூஸாவின் கருவிக்கு வாய் உண்டு, செவி இல்லை. நீர் எவ்வளவு விரைவாக உருளையைச் சுழற்றுகிறதோ அவ்வளவே அதன் காலம். உடன் பாடுபவர் மூச்சு வாங்க நின்றாலும் உருளை நிற்காது. 1815இல் மெல்சல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் என்னும் தாளமானியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இன்றைய திரைப்பட ஒலிப்பதிவில் இசைஞர் காதில் ஒலிக்கும் 'கிளிக்' ஓசையும், மெல்லிசை மேடைகளில் கீபோர்டுக்குள்ளிருந்து வரும் தாளமும் அவ்வாறே. இவற்றில் மனிதனே இயந்திரத்தின் காலத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான்.

அதே இஸ்லாமிய அறிவுலகின் இசைக் கோட்பாடு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அல்ஃபாராபி (இறப்பு 950) தம் 'கிதாபுல் மூஸீகல் கபீர்' நூலில் மனிதக் குரலையே முதன்மையாக வைத்தார். குரலுக்குத் துணை நிற்பது, அதனை அணிசெய்வது, அதனைப் போல இசைப்பது ஆகியவையே கருவிகளின் பணி. தாள அளவைக்கு அரபியர் வைத்த பெயர் 'ஈகாஉ'. அதற்கென்றே ஃபாராபி தனி நூல்களும் எழுதினார். பக்தாதின் பொறியாளர்கள் தனித்து இசைக்கும் கருவியைச் செய்தார்கள்; தத்துவ அறிஞரோ கருவி குரலைத் தொடர வேண்டும் என்றார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

குன்றின் அடிவாரத்தில்

இயந்திரம் கற்காத பணியை இடைப்பட்ட காலத்தில் மனிதர்கள் செய்துகொண்டிருந்தனர். அதற்குச் சான்று தேடித் திருத்தணியை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை.

முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைத் திருத்தணியில் இயற்றினார் என்பது கருநாடக இசையுலகின் மரபு. அவருடைய குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் மெட்டுகளைக் கேட்ட தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவற்றை 'நோட்டுசுவரம்' என்பர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்.

வயலின் நம் மேடைக்கு வந்தபோது அதன் பணியே மாறிவிட்டது. மேலை மரபில் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து வாசிக்கப்பட்ட கருவி, இங்கே பாடகரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிற்று. ஆலாபனையில் பாடகர் அடுத்து எந்தச் சுரத்திற்குச் செல்வார் என்பது எழுதப்பட்டதன்று. வயலின் கலைஞர் ஒரு நிழலைப் போல அரை அடி பின்னே வருகிறார். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அவர் பாடியதன் சாரத்தைத் தந்து இடைவெளியை நிரப்புகிறார். பாடகர் தடுமாறினால் அத்தடுமாற்றம் அவையோருக்குத் தெரியாதபடி ஏந்திக்கொள்கிறார். தவில் கலைஞரும் இவ்வாறே நாகசுரக்காரரின் காலப்பிரமாணத்தை உற்றுக்கேட்டு அடியை அமைக்கிறார். 'பக்கவாத்தியம்' என்ற நம் சொல்லிலேயே பக்கத்தில் நிற்றல் என்ற பொருள் அடங்கியுள்ளது.

இக்கலையில் முஸ்லிம்களுக்கும் பங்குண்டு. ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தலைமுறைகளாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். தமிழகம் வந்து நாச்சியார்கோயில் மரபில் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார், 1999இல் மறைந்தார். நாகசுரம் மார்க்கத்தில் கூடுமா என்ற வினாவும் கோயில் வாயிலில் வாசிக்கலாமா என்ற வினாவும் அவரைப் பற்றி எழுந்தவையே. அவற்றை நாம் இங்குத் தீர்க்கப் புகவில்லை. வரலாற்றில் அவர் இருந்தார் என்பதை மறைப்பது மட்டும் நமக்கு இயலாது.

கருவியே இல்லாமல் சந்தம் பயணம் செய்ததையும் குறிப்பிட வேண்டும். திருத்தணி முருகன் மீது அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பல. அந்தத் திருப்புகழின் சந்தத்தைக் கேட்டு உள்வாங்கிய காயல்பட்டினத்துக் காசிம் புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஒரு திருப்புகழை இயற்றினார். பொருள் முற்றிலும் வேறு, வழிபாடு வேறு. ஆனால் ஓசையின் நடை ஒன்று. ஒருவர் நடையை மற்றவர் செவிகொண்டு பின்பற்றுவதால் தம் நம்பிக்கையை இழந்துவிடுவதில்லை என்பதற்கு நம் இலக்கியம் தரும் சான்று அது.

செவி பெற்ற இயந்திரம்

பக்கவாத்தியக்காரரின் இந்தச் செவியை இயந்திரத்திற்குத் தரும் முயற்சி 1984இல் வெளிப்பட்டது. பாரிஸில் நடைபெற்ற பன்னாட்டுக் கணினி இசை மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்கரான ரோஜர் டானன்பர்க் எழுதியது. மற்றொன்று நியூசிலாந்தில் பிறந்த பாரி வெர்கோ எழுதியது. இருவரும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே வினாவுக்கு விடை தேடியிருந்தனர்: மனிதர் வாசிக்க, கணிப்பொறி எவ்வாறு பின்தொடரும்?

அதன் இயக்கத்தை நம் மாணவர்களுக்கு விளங்கும்படிச் சொல்வதானால், ஹிஃப்ளு வகுப்பை உவமையாகக் காட்டலாம். மாணவர் மனப்பாடமாக ஓதுகிறார்; ஆசிரியரின் உள்ளத்தில் முழுப் பாடமும் இருக்கிறது. ஆசிரியருக்கு இரண்டு வேலைகள். மாணவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று அறிவது ஒன்று. எந்த வேகத்தில் செல்கிறார் என்று அறிவது மற்றொன்று. கணிப்பொறியும் முழு இசைக்குறிப்பைத் தன்னுள் வைத்துக்கொண்டு, வந்து விழும் ஒவ்வொரு சுரத்தையும் அதனோடு ஒப்பிடுகிறது. வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தவறாக அழுத்தலாம், ஒன்றை விட்டுவிடலாம், ஒன்றை இருமுறை அழுத்தலாம். இத்தனை பிழைகளுக்கு நடுவிலும் அவர் இருக்கக்கூடிய இடங்களுள் மிகப் பொருத்தமானது எது என்று கணக்கிட்டுத் தேர்வதே டானன்பர்க் தந்த வழி. பிழை கண்டவுடன் நின்றுவிடாமல், பிழையோடு சேர்த்து வாசிப்பவரைப் புரிந்துகொள்வது அதன் சிறப்பு.

இடம் தெரிந்தபின் வேகம். அண்மையில் அழுத்திய சுரங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, அடுத்த சுரம் எப்போது வரும் என்று கருவி முன்கூட்டியே மதிப்பிடுகிறது. இம்மதிப்பீடு இல்லாவிடில், சுரம் ஒலித்த பிறகே பின்னணி விழித்தெழுந்து எப்போதும் தாமதமாக வரும். தேர்ந்த வயலின் கலைஞர் பாடகரின் முகக்குறிப்பிலிருந்து அடுத்ததை ஊகிப்பதற்கு இது இணையானது. வாய்ப்பாட்டிலும் புல்லாங்குழலிலும் ஒலியை ஆராய்ந்து சுரத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால் வேலை கடினம். டிஜிட்டல் பியானோவில் எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு அழுத்தப்பட்டது என்பது எண்களாகவே வந்துவிடுகிறது. கருவிகள் தமக்குள் இவ்வெண்களைப் பரிமாறிக்கொள்ளும் 'மிடி' என்ற பொதுமொழி 1983இல் வந்தது. ஆகவேதான் பின்தொடரும் பின்னணி இல்லங்களுக்குள் நுழைய மின்பியானோ எளிய வாயிலாயிற்று. யமஹா நிறுவனத்தின் கற்போர் கருவிகள் சிலவற்றில், 'உங்கள் வேகம்' என்று பொருள்படும் பெயரிலேயே இத்தகைய பயிற்சி முறை அமைந்துள்ளது. பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் ஆர்ஷியா கோன்ட் 2007 முதல் வளர்த்த 'ஆன்டெஸ்கோஃபோ' என்ற மென்பொருள், இதே கலையைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டு சென்றது.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொட்டது ஜப்பானில் நிகழ்ந்தது. உடல் இயக்கக் குறைபாடுள்ள பள்ளி மாணவி ஒருவர் ஷோபானின் இரவுப்பாடல் ஒன்றை ஒற்றை விரலால் வாசிக்கப் பயின்றுவந்தார். மெட்டை வாசிக்க ஒரு விரல் போதும். துணைச் சுரங்களுக்கும், காலால் அழுத்தும் மிதிக்கும் என்ன செய்வது? 2015இல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகமும் யமஹா நிறுவனமும் இணைந்து, அவர் வேகத்தைக் கவனித்து எஞ்சியவற்றைத் தானே வாசிக்கும் பியானோவை உருவாக்கத் தொடங்கின. அதற்கு 'யாருக்குமான பியானோ' என்று பொருள்படும் பெயரிட்டனர். 2023 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் சன்டோரி அரங்கில், உடற்குறை உடைய பியானோ கலைஞர் மூவர் இக்கருவியின் துணையோடு முழு இசைக்குழுவுடனும் பாடகர் குழுவுடனும் சேர்ந்து பேத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனியை இசைத்தனர்.

பனூ மூஸாவின் உருளை யாருக்கும் காத்திருந்ததில்லை. அதன் வழித்தோன்றல் ஓர் ஒற்றை விரலுக்குக் காத்திருக்கிறது. கருவி மனிதருக்குத் துணை நிற்க வேண்டும் என்ற ஃபாராபியின் கருத்து, பொறியாளர் கைகளில் இப்போதுதான் செயலாகியிருக்கிறது.

பலவீனரைப் பின்பற்றும் இமாம்

இனி நம் மாணவரின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். இக்கருவிக்குக் காத்திருக்கக் கற்றுக் கொடுத்தவர் யார் என்றால், மேற்கூறிய பெயர்களைச் சொல்லலாம். ஆனால் காத்திருத்தல் என்னும் பண்பு நமக்குப் புதிய பாடமன்று.

உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் சமூகத்தாருக்கு இமாமாகத் தம்மை அமர்த்துமாறு வேண்டியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை இமாமாக ஆக்கி, அம்மக்களில் மிகப் பலவீனமானவரைப் பின்பற்றுமாறு பணித்தார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இது பதிவாகியுள்ளது. இங்கு வரும் வினைச்சொல் 'இக்திதா' என்ற மூலத்திலிருந்து வந்தது. இமாமைப் பின்பற்றித் தொழுபவரை 'முக்ததீ' என்கிறோமே, அதே மூலம். அரபு இலக்கணம் பயிற்றும் நாம் பல ஆண்டுகள் இத்தொடரை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறோம். எல்லோரும் பின்பற்றும் இமாம், காலத்தின் அளவில் தாமே ஒரு முக்ததீ ஆகிறார். அவருடைய இமாம், வரிசையின் ஓரத்தில் மூட்டுவலியோடு நிற்கும் முதியவர்.

நபிகளார் (ஸல்) தொழுகையை நீட்ட எண்ணி நின்று, குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் வருத்தம் கருதிச் சுருக்கிக்கொண்ட செய்தி புகாரியில் உண்டு. முஆத் (ரலி) அவர்கள் நீண்ட அத்தியாயம் ஓதித் தொழவைத்தபோது, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் விலகிச் சென்றார். அப்போது கண்டிக்கப்பட்டவர் விலகியவர் அல்லர்; நீட்டியவரே.

திருக்குர்ஆன் ஓதுவதை இசையோடு ஒப்பிட நாம் துணியமாட்டோம். எனினும் தஜ்வீத் கலையோர் ஓதும் வேகத்தைத் தஹ்கீக், தத்வீர், ஹத்ர் என வகுத்தது, இசையோர் விளம்பம், மத்திமம், துரிதம் என வகுத்ததை நினைவூட்டாமல் இல்லை. மூன்றும் முறையான ஓதல்களே. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு நற்கூலிகள் உண்டு என்ற நபிமொழி, அம்மூன்றுக்குள்ளும் அடங்காத நான்காமவரையும் அணைத்துக்கொள்கிறது.

இங்கே நம் குறை ஒன்றையும் எழுதியாக வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், சிறுவர்கள் ஒன்றுசேர்ந்து ஓதும்போது மேசையைப் பிரம்பால் தட்டிக் காலம் காட்டும் வழக்கம் நம்மிடம் இருந்தது. இருபது குரல்கள் ஒரே வேகத்தில் எழுவது நமக்குப் பெருமையாக இருந்தது. திக்குவாய் உடைய சிறுவன் ஒருவன் ஒவ்வொரு வசனத்திலும் பின்தங்குவான். அவனுக்காக நாம் பிரம்பை நிறுத்தியதில்லை. சில மாதங்களில் அவன் வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டான். அதை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். பின்னர் அவன் வருவதே நின்றுவிட்டது. அவனைத் தேடிச் சென்றிருக்கலாம், செல்லவில்லை. தீனவரி கண்ட அடிமையின் கதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அவன் முகம் நம் நினைவுக்கு வரும். திருத்தணியில் அச்சிறுமியின் விரல் நின்று, கருவியும் அவளுக்காக நின்றபோதும் அம்முகமே வந்தது.

இதனால் கருவி மனிதரை வென்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. அவளுடைய விரல் ஏன் நின்றது என்பது கருவிக்குத் தெரியாது. அவளுக்கு வலித்ததா, அலுப்புத் தோன்றியதா, அடுத்தது மறந்துபோனதா என்பதை அது அறியாது. அதனிடம் இருப்பது கணக்கு, இரக்கமன்று. அக்கணக்கை எழுதியவர்களின் உள்ளத்தில் இரக்கம் இருந்தது என்பதே நாம் காணத்தக்கது. ஓர் ஆசிரியர் மாணவியின் ஒற்றை விரலை உற்றுநோக்கியதால் ஒரு கருவி பிறந்தது. நம் மதரஸாக்களிலும் பள்ளிவாசல்களிலும் அத்தகைய நோக்கு எவ்வளவு உண்டு என்று நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். முஃப்தியிடம் கேட்டதையும், மருத்துவரின் அறிவுரையை அவர் விரிவாக விசாரித்ததையும் சொன்னார். விடை என்னவென்பது அக்குடும்பத்தாருக்கும் முஃப்திக்கும் இடையிலானது. ஆனால் பேச்சின் இறுதியில் மாணவர் மற்றொன்றும் சொன்னார். மாலை வகுப்பில் சிறுவர்கள் சேர்ந்து ஓதும்போது, தம் அண்ணன் மகளை முன்னே அமர்த்தி, அவள் ஓதும் வேகத்தில் மற்றவர்களைத் தொடரச் செய்கிறாராம். பாடம் முடியக் கால் மணி நேரம் கூடுதலாகிறதாம்.

நாம் அவருக்கு துஆ செய்தோம். பிரம்பு தட்டிய நமக்காகவும் துஆ செய்யுமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.